அரைமண்டி நிற்குமா இந்தப் பதுமை?

மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் வீடுகளின் கண்ணாடி அலமாரிகளில், ஒரு காலத்தில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் மரப்பாச்சித் தம்பதியும் வகித்து வந்த ஸ்தானத்துக்கு அருகே, இப்பொழுது ஜப்பானியச் சித்திரக் கதைகளின் நாயகர்களும் நாயகிகளும் வந்து நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒரு சாணுக்கும் குறைந்த உயரமும், கழுத்து முதல் கணுக்கால் வரை மடங்கித் திரும்பும் மூட்டுகளும், மாற்றிப் பொருத்தத்தக்க முகங்களும் கைகளும் கொண்ட இந்த அனிமே பதுமைகளைக் கண்டு, ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கா இத்தனை ஆயிரம் ரூபாய் என்று வீட்டுப் பெரியவர்கள் விசனப்படுகிறார்கள். வாங்கிய இளைஞர்களோ, பெட்டியைப் பிரித்தவுடனே எத்தனை முகம், எத்தனை ஜோடிக் கை, எத்தனை ஆயுதம் என்று எண்ணிப் பார்த்து, கொடுத்த விலை தகும் என்றோ தகாது என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு சாரார் விலையைப் பார்க்கிறார்கள், மற்றொரு சாரார் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், பதுமையை இருவரும் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். இதைப் பார்ப்பதற்கு வேண்டிய கண்ணை ஜப்பானிலிருந்து கடனாகப் பெற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. 1945-ஆம் ஆண்டிலேயே ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தோன்றிய மாட்டுங்காவில், ஷண்முகானந்த சபையின் மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வாழ்கிற ஒரு சமூகம், ஒரு சரீரம் எப்படி நிற்க வேண்டும், ஒரு கை எதைச் சொல்ல வேண்டும் என்பதைத் தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை இந்தச் சிறு உருவங்களின் மீது திருப்பினால் என்ன தெரியும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மூட்டுள்ள பொம்மை நமக்குப் புதிதன்று. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ. ஜோ சிப்பாய்களை இந்நாட்டிலேயே வார்த்து விற்றது. இன்று நாற்பது வயதை எட்டியிருக்கும் பலருடைய பால்யத்தில் அந்தச் சிப்பாய்களுக்கு இடமுண்டு. அவற்றின் மார்பையும் இடுப்பையும் கால்களையும் உள்ளேயிருந்து ஒரே ஒரு ரப்பர் வளையம் இழுத்துப் பிடித்திருந்தது. அந்த ரப்பர் இற்றுப்போன அன்றே சிப்பாய் இரண்டு துண்டமாகிவிடுவான். ஒசாகாப் பக்கத்துக் கையோடோ நிறுவனம் 2006-இல் ரெவோல்டெக் என்ற வரிசையைக் கொண்டுவந்தபோது, சிற்பி யமாகுச்சி கட்சுஹிசா வகுத்த, 'கிளிக்' 'கிளிக்' என்று பல்பல்லாகத் திரும்பி வைத்த இடத்தில் நிற்கிற ஒரு மூட்டு அதில் இருந்தது. 2008-இல் மேக்ஸ் ஃபேக்டரியும் குட் ஸ்மைல் கம்பெனியும் தொடங்கிய ஃபிக்மா வரிசை, அந்த ஓசையைக் கைவிட்டு, வழவழவென்று திரும்பியும் நழுவாமல் நிற்கிற மூட்டுகளை நாடியது. இளைஞர்கள் இன்று வாங்கும் பதுமைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் மார்க்கத்தைச் சேர்ந்தவை.

எனவே முதற் பரீட்சை மூட்டுக்குத்தான். முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய, பாதங்கள் வெளிநோக்கித் திரும்ப, முதுகு வளையாமல் நிமிர்ந்திருக்க, சரீரம் பாதியளவு தாழ்ந்து நிற்கும் அரைமண்டியில் அந்தப் பதுமையை நிறுத்திப் பாருங்கள் என்பேன். இதில் மூன்று காரியங்கள் ஏககாலத்தில் நடக்க வேண்டும். இடுப்பின் பந்து மூட்டு தொடையை முன்னும் பின்னும் ஆட்டுவதோடு நில்லாமல் வெளிப்பக்கமாகவும் சுழலவிட வேண்டும்; முழங்கால் மடங்கும் திசை அந்தச் சுழற்சியோடு இசைந்து போக வேண்டும்; கணுக்கால் பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளங்கால் முழுவதும் தரையில் படியும்படி இடம் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் பதுமை பாத விளிம்பில் நின்று தள்ளாடும், அல்லது முதுகை வளைத்துக்கொண்டு உட்காரப் போவதுபோலத் தோற்றும். பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் காற்றில் பாயும் நிலையைக் கண்டு மயங்குகிறவர்கள், அந்தப் படத்தில் பதுமையைப் பின்னாலிருந்து ஒரு ஸ்டாண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும், பாய்வதைக் காட்டிலும் தரையில் உறுதியாகத் தாழ்ந்து நிற்பதே யந்திரத்துக்குக் கடினமான காரியம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

அரைமண்டியில் தேறிய பதுமையைத் திரிபங்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் தலை ஒரு புறமும் மார்பு மறு புறமும் இடுப்பு மீண்டும் முதற் புறமும் சாய்ந்து, மூன்று வளைவுகளாக ஓடும் அந்த ரேகையின் சௌந்தரியத்தை அறிந்தவர்களுக்கு, மார்பும் வயிறும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்ட பதுமையின் குறை உடனே தெரிந்துவிடும். மார்புக்குக் கீழே ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரண்டு மூட்டுகள் வைத்திருக்கும் பதுமையே சாயும்போது சுவாசிப்பதுபோல் இருக்கும். மூட்டுகள் கண்ணுக்குத் தெரிவது உருவத்தின் அழகைக் கெடுக்கிறது என்று ஒரு புகார் உண்டு. நேராக நிற்கும்போது முழங்கையிலும் முழங்காலிலும் தெரியும் கோடுகளை நான் பெரிதாகக் கருதவில்லை. மடக்கிய பிறகு அங்கே தசையின் தொடர்ச்சி அறுந்து, எலும்பு முறிந்ததுபோன்ற ஒரு பள்ளம் தோன்றுமானால் அதைத்தான் தோஷம் என்று சொல்ல வேண்டும். கும்பகோணத்துப் பக்கத்துப் பொம்மலாட்டப் பதுமைகள், பத்துக் கிலோ வரை கனத்தாலும், ஆட்டுபவர் தலையில் அணிந்த இரும்பு வளையத்திலிருந்து தொங்கும் கயிறுகளில் தம் பாரத்தை ஏற்றிவிட்டு ஆடுகின்றன. மேலிருந்து தாங்குவார் இல்லாத இந்தச் சிறு பதுமைக்கு அதன் கணுக்காலே கயிறு, அதன் இடுப்பே ஆட்டுபவரின் தலை. ஆகையால் ஸ்டாண்டு இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஸ்டாண்டு இல்லாமல் இரண்டு காலில் சிறிது நேரம்கூட நிற்க மாட்டாத பதுமைக்கு மாத்திரம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுங்கள். நீண்ட சடையும் பெரிய சிகையும் கொண்ட பாத்திரங்களில் இந்தக் குறை அடிக்கடி காணக் கிடைக்கிறது, தலைப் பாரம் பின்னுக்கு இழுக்கிறபடியால்.

தலை பெரிதாக இருப்பதையே ஒரு குறையாகச் சொல்லிச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உடலை அளக்கும் சிற்ப சாஸ்திரத்தின் தாலமானமே அவர்களுக்குப் பதில் சொல்லும். உத்தம தெய்வங்களுக்குத் தசதாலமும், மானிடர்க்கு அஷ்டதாலமும், விநாயகருக்குப் பஞ்சதாலமும் வகுத்த மரபில், முகத்துக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் பாத்திரத்தின் இயல்பைப் பொறுத்தது என்பது பாலபாடம்.

இனிக் கைகள். என் மனம் அதிக நேரம் தங்குவது இங்கேதான். நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கையால் பிடிக்கும் முத்திரைகளாக இருபத்தெட்டை எண்ணுகிறது. விரல்கள் சேர்ந்து நீண்டிருக்கும் பதாகத்தில் மோதிர விரல் ஒன்றை மடக்கினால் அது திரிபதாகமாகிவிடுகிறது. ஒரு விரலின் மடிப்பில் அர்த்தம் மாறிவிடும் ஒரு கலையில் வளர்ந்த நாம், இந்தப் பதுமைகளோடு வரும் மாற்றுக் கைகளை அலட்சியமாக எண்ணிக்கையில் அடக்கிவிடலாகாது. பொதுவாக மூடிய முஷ்டி, விரிந்த உள்ளங்கை, ஆயுதம் பற்றும் கை, சுட்டும் விரல் என்று நாலைந்து ஜோடிகள் வரும். அவற்றுள் விரிந்த கையைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். விரல்கள் ஐந்தும் ஒரே கோணத்தில் சீப்பைப்போல நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சிற்பி கையைக் கவனித்தவர் அல்லர். சுண்டு விரல் சற்றே விலகியும், நடு விரல் சற்றே தாழ்ந்தும், உள்ளங்கை லேசாகக் குழிந்தும் இருந்தால், அந்தக் கை வேண்டுதலுக்கும் தடுத்தலுக்கும் அபயத்துக்கும் மணிக்கட்டின் திருப்பம் ஒன்றினாலேயே உதவும். சொல்லத் தெரிந்த அப்படிப்பட்ட இரண்டு ஜோடிக் கைகள், ஒன்றோடொன்று வேற்றுமை தெரியாத பத்து ஜோடிகளைவிட மேலானவை. ஜப்பானின் புன்ராகு பொம்மலாட்டத்தில் ஒரு பதுமையை மூவர் ஆட்டுகிறார்கள். பிரதான ஆட்டக்காரர் தலையோடு வலக் கையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள, இடக் கைக்கென்றே ஓர் ஆள் தனியாக நிற்கிறார். கைக்கு அந்நாட்டார் கொடுத்த மதிப்பு அவ்வளவு.

கையைப் பற்றிய இன்னொரு விஷயம் முழுவதும் தச்சு வேலையைச் சேர்ந்தது. மாற்றுக் கைகள் மணிக்கட்டில் ஒரு மெல்லிய முளையில் பொருந்துகின்றன. அதிகம் ஒடிவது இந்த முளைதான். இறுக்கமாக இருக்கும்போது பலவந்தமாகத் திருகுவது பேதைமை. வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் பிளாஸ்டிக் இளகி இடம் கொடுக்கும். மாற்று முளைகள் இரண்டொன்றைப் பெட்டியிலேயே வைத்து அனுப்பும் உற்பத்தியாளரை நான் மனமார மெச்சுகிறேன். தாம் செய்த பொருள் கையாளப்படும் என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முன் சிகையைக் கழற்றி முகத்தை மாற்றும்படி அமைத்திருக்கும் இந்தப் பதுமைகளுக்குக் கண்கள் அச்சு முறையில் பதிக்கப்படுகின்றன. அரை மில்லிமீட்டர் பிசகினால் பார்வை எங்கோ போய்விடும். ஸ்தபதியும் திருமேனியை முற்றும் முடித்த பிறகே கண் திறக்கிறார்; கண் தவறினால் மற்றதெல்லாம் வியர்த்தம். கோபமாக ஒன்று, சாந்தமாக ஒன்று, கூவுவதாக ஒன்று என்று மூன்று முகம் வந்தால், மூன்றையும் ஒரே நிலையில் நிறுத்திய உடலில் மாற்றி மாற்றிப் பொருத்தி, அந்த நிலையின் பொருள் மாறுகிறதா என்று பாருங்கள்.

உபகரணங்களை எப்படி எடைபோடுவது? கோடோகே கொயோஹாரு 2016 முதல் 2020 வரை எழுதி வரைந்த 'டெமன் ஸ்லேயர்' கதையின் நாயகன் தஞ்சிரோவை எடுத்துக்கொள்வோம்; 2025 செப்டம்பரில் அந்தக் கதையின் 'இன்ஃபினிட்டி காஸில்' படம் தமிழ்க் குரலிலும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபடியால் இன்று இந்தப் பெயரை அறியாத பள்ளி மாணவர் குறைவு. பச்சையும் கறுப்பும் கட்டம் போட்ட மேலங்கி, காதில் சீட்டு வடிவத் தொங்கட்டான், கறுத்த வாள் ஆகியவை அவனுடைய அடையாளங்கள். வாளை வீசும்போது சுழன்றெழும் நீரலையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்த்து உபகரணமாகத் தருவதும் உண்டு. கண்ணைப் பறிக்கும் பொருள்தான். ஆனால் இந்தக் கதையின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. அசுர இயல்பு ஏறிவிட்ட தன் தங்கை நெசுகோவைச் சூரிய ஒளி தீண்டாதபடி ஒரு மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, அவளை மறுபடியும் மனுஷியாக்கும் வழி தேடி ஊர் ஊராக நடக்கும் அண்ணன் அவன். குடும்பம் முழுவதும் மாண்டபின் எஞ்சிய ஒரே உறவு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அலைகளும் தீப்பொறிகளும் நிறையத் தந்து, பெட்டியைத் தராத ஒரு பதிப்பு இருக்குமானால், அது வீரன் ஒருவனின் பதுமையாக இருக்கலாம், தஞ்சிரோவின் பதுமையாக இருக்க முடியாது. முருகனுக்கு வேலும் கண்ணனுக்குக் குழலும் எப்படியோ அப்படி, உபகரணம் பாத்திரத்தின் சரிதத்தைச் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி.

அதற்குப் பிறகே மற்றக் கேள்விகள். பற்றும் கையில் வாளின் பிடி நழுவாமல் நிற்கிறதா? முதுகில் எதையேனும் சுமக்கும் பாத்திரமானால், ஸ்டாண்டின் கொக்கி பொருந்தும் துளை அந்தச் சுமைக்கு அடியில் மறைந்துபோகாமல் இருக்கிறதா? அகன்ற கையுள்ள மேலங்கி தோள் மூட்டை உயரவிடுகிறதா? துணிபோலத் தோன்றும் பாகங்களை மிருதுவான பி.வி.சி.யில் வார்த்து, வேண்டிய இடத்தில் பிளவு விட்டிருந்தால் உயரும். கெட்டியாக வார்த்திருந்தால் எத்தனை மூட்டு இருந்தும் பயனில்லை. பெண்குழந்தைகள் மரப்பாச்சிக்குப் பாவாடையும் மணியும் பூட்டி அழகு பார்த்த காலத்தில் அந்த மரம் அசையாது, அலங்காரம் மாறும். இங்கே அலங்காரமே அசைவைத் தடுக்கக்கூடும் என்பது புதிய சங்கடம்.

பொருளின் தரத்தை அறிய நம் ஊரிலேயே நிபுணர்கள் இருக்கிறார்கள். தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள், ஒரு துண்டின் ஓரத்தைக் கொளுத்தி அதன் புகையை முகர்ந்தும், தட்டி ஓசையைக் கேட்டும், நீரிலும் உப்பு நீரிலும் இட்டு மிதக்கிறதா அமிழ்கிறதா என்று பார்த்தும், இன்ன ஜாதிப் பிளாஸ்டிக் என்று பிசகில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். ஏ.பி.எஸ். கருங்கரியாகப் புகையும், பி.வி.சி. மூக்கை அறுக்கும் நெடி வீசும் என்பது அவர்களுக்கு அன்றாடப் பாடம். நல்ல பதுமையில் மூட்டுகளும் விறைப்பான பாகங்களும் ஏ.பி.எஸ்.ஸிலும், சிகை, உடை, முகம் முதலியவை பி.வி.சி.யிலும் பெரும்பாலும் அமைகின்றன. தேய்வையும் இறுக்கத்தையும் தாங்க வேண்டிய இடத்தில் கெட்டியும், மெல்லிய ரேகைகள் பதிய வேண்டிய இடத்தில் மிருதுவும் வேண்டுமென்பது இதன் தத்துவம். வாங்குகிறவர் எதையும் கொளுத்திப் பார்க்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்ததும் எண்ணெய்ப் பிசுக்கும் கடும் நெடியும் எழுந்தால், கண்களின் விளிம்பு மங்கியிருந்தால், உற்பத்தியாளரின் பெயரும் முத்திரையும் பெட்டியில் இல்லாதிருந்தால், அது போலி என்று நிச்சயமாக எண்ணலாம்.

மும்பையின் சீதோஷ்ணம் இதில் ஒரு கட்சிக்காரர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலின் ஈரமும், அதற்கு முன்னும் பின்னும் வரும் புழுக்கமும், மிருதுவான பி.வி.சி.யில் கலந்த இளக்கியை மெல்லமெல்ல மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, பதுமையைப் பிசுபிசுக்கச் செய்கின்றன. காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைத்தால் அது இன்னும் மிகும். மெல்லிய வாள் கோடையில் வளைந்துவிடும். வெந்நீரில் காட்டி நேராக்கி உடனே குளிர்ந்த நீரில் தோய்த்தால் சீராகும். வெயில் படும் ஜன்னலருகே வைத்த வெண்ணிறப் பாகங்கள் பழுப்பேறிவிடும். அலமாரியில் வைத்து இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகும் அதே மூட்டு அதே இறுக்கத்தோடு நிற்குமா என்று சொல்லாத மதிப்புரையை நான் அரைகுறை மதிப்புரை என்றே கருதுகிறேன்.

போலிகளின் விஷயத்துக்கு வருகிறேன். அயல்நாட்டு மலிவுச் சரக்கிலிருந்து நம் பொம்மைத் தொழிலைக் காப்பதற்காக, பொம்மைகளின் மீதுள்ள இறக்குமதிச் சுங்கம் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது; 2021 ஜனவரி முதல் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளில் விஷச் சாயம் இருக்கலாகாது என்ற நோக்கத்தையும், சன்னபட்டணத்துத் தச்சரும் தஞ்சாவூர்ப் பொம்மைக்காரரும் பிழைக்க வேண்டும் என்ற நோக்கத்தையும் நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆயினும் ஜப்பானிய உற்பத்தியாளர்களே பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்க்கு என்று பெரும்பாலும் அச்சிட்டு அனுப்பும் ஒரு கலைப்பொருளை, இங்கே அதற்கு நிகராகச் செய்வார் எவரும் கண்ணுக்குப் படாத நிலையில், கிலுகிலுப்பையோடு சேர்த்து ஒரே தராசில் நிறுப்பதனால் காக்கப்படும் கைவினைஞர் யார் என்று எனக்கு விளங்கவில்லை. அசல் எட்டாத உயரத்துக்குப் போகிறது; கிராஃபர்ட் மார்க்கெட்டைச் சூழ்ந்த சந்துகளிலும் நடைபாதைகளிலும் போலி காலடியில் வந்து விழுகிறது. மாதச் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து வாங்க நினைக்கும் தாராவி இளைஞன், மணிக்கட்டு ஒடிந்த ஒரு போலியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கலையே இவ்வளவுதான் என்று எண்ணிவிடுகிறான். வயது வந்தோர் சேகரிக்கும் பதுமைகளுக்குச் சுங்க அட்டவணையில் தனி வகுப்பு ஒன்று வேண்டும். கடைக்காரர்களும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றைப் பிரித்து, வாங்குகிறவர் இடுப்பையும் மணிக்கட்டையும் திருப்பிப் பார்க்க மேசைமேல் வைக்கட்டும். புடைவையைப் பிரித்துக் காட்டாத கடையில் மாட்டுங்காவில் எவரும் புடைவை வாங்குவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு விண்ணப்பம் எனக்கு உண்டு. பிளாஸ்டிக்கின் ஜாதியறிந்தவர்களும், அதை அரைத்து உருக்கிச் சிறு மணிகளாக்குகிறவர்களும் தாராவியில் இருக்கிறார்கள். கொஞ்ச தூரத்திலேயே அடவும் முத்திரையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை தேடி வருவோர் மாட்டுங்காக் கடைகளை நிறைக்கிறார்கள். கரணங்கள் என்னும் ஆடும் நிலைகளைத் தஞ்சைப் பெரிய கோயிலிலும் சிதம்பரத்துக் கோபுரங்களிலும் கல்லில் வரிசையாகச் செதுக்கி வைத்த நாட்டில், அந்தக் கரணங்களை மூட்டுகளால் நடத்திக் காட்டும் ஒரு பதுமை இன்னும் வார்க்கப்படாமல் இருப்பது பெருங்குறை. அச்சுக்கு ஆகும் எஃகுச் செலவு பெரிது என்பது உண்மையே. ஒருவர் கைமுதலால் ஆகக்கூடியதன்று. சபைகளும் சங்கங்களும் முன்பணம் திரட்டி, ஜப்பானில் வழக்கமாகச் செய்வதுபோல் முன்பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை அறிந்த பிறகே அச்சு வெட்டலாம். ஆறங்குல உயரம், இடுப்பில் வெளிச்சுழற்சியுள்ள பந்து மூட்டு, மார்புக்குக் கீழ் ஒன்றும் இடையில் ஒன்றுமாக இரண்டு வளைவுகள், பக்கவாட்டில் சாயும் கணுக்கால், சிருங்காரத்துக்கும் ரௌத்திரத்துக்கும் சாந்தத்துக்குமாக மூன்று முகம், பெட்டிக்குள் இருபத்தெட்டுக் கைகள், அவற்றோடு ஒடிந்தால் மாற்றிக்கொள்ள நான்கு முளைகள். முதல் ஆயிரம் பெட்டிகளில் ஒன்றுக்கு என் பெயரை இப்பொழுதே பதிந்துகொள்ளலாம்.